பெண் கருவைக் கலைக்கிறதுக்கு எதிரா ஊருக்குள்ள வேலை செய்யணுமா? நான் செஞ்சு கத்துக்கிட்டதைச் சொல்றேன்

போன மாசம் மட்டும் நாலு காலேஜ் பிள்ளைங்க மெசேஜ் பண்ணிட்டாங்க, "அக்கா எங்க ஊர்ல இப்பவும் ஸ்கேன் பாத்து பொட்டப் புள்ளைன்னா கலைச்சிடறாங்க, நாங்க ஏதாச்சும் பண்ணணும், எங்க ஆரம்பிக்கிறது"ன்னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி மாளல, அதான் ஒரேடியா எழுதிடறேன். நான் தர்மபுரி பக்கம், மகளிர் சுய உதவிக் குழு வேலையோட சேத்து பதினோரு வருஷமா இதையும் பாத்துட்டு இருக்கேன். பெரிய பட்டம் படிச்சவ இல்ல, ஆனா எது ஊருக்குள்ள எடுபடும் எது எடுபடாதுன்னு அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

மொதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன், நீங்களும் அதையே பண்ணாதீங்க. ஆரம்பத்துல நாங்க ரெண்டாயிரம் நோட்டீஸ் அடிச்சோம், ரோஸ் கலர் பேப்பர், "பெண் சிசுவைக் கொல்லாதே"ன்னு பெரிய எழுத்துல. அதை எடுத்துட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிங்க செக்கப்புக்கு வர்ற நாளாப் பாத்துப் போய் வரிசையா உக்காந்திருந்தவங்க கையில ஒவ்வொண்ணா குடுத்துட்டே வந்தோம். ஒரு பொண்ணு, மூணாவது மாசம், மூத்தது ரெண்டும் பொண்ணு, அந்த நோட்டீஸை வாங்கி ரெண்டா மடிச்சு, நாலா மடிச்சு, எட்டா மடிச்சு இடுப்புல சொருகிட்டு என்னை நிமிந்து பாக்காமலே சொன்னா, "இதை எங்கிட்ட குடுத்து என்னக்கா ஆவப் போவுது, எங்க மாமியாகிட்ட குடுங்க." அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. முடிவு எடுக்கிற அதிகாரமே இல்லாதவ கையில "கொல்லாதே"ன்னு எழுதிக் குடுத்திருக்கோம், ஏற்கனவே பயந்து போயிருக்கிறவளக் கொலைகாரின்னு வேற சொல்லிட்டு வந்திருக்கோம்.

அதனால நான் சொல்ற மொத்த விஷயமும் இதுதான்: கர்ப்பிணி முன்னாடி போய் நிக்காதீங்க, அந்த முடிவு எங்க எடுக்கப்படுதோ அங்க போய் நில்லுங்க. அது மாமியார் உக்காந்திருக்கிற திண்ணையா இருக்கும், சீர் பேசுற பந்தலா இருக்கும், பத்திரப் பதிவு ஆபீஸா இருக்கும், ஸ்கேன் சென்டரோட பின் ரூமா இருக்கும்.

ரேலி வேண்டாம்னு சொல்லல, ஆனா ரேலியோட நிறுத்திடறோம் பாருங்க அதுதான் பிரச்சனை. ஸ்கூல் புள்ளைங்கள வெயில்ல நடக்க விட்டு, போட்டோ எடுத்து, பேப்பர்ல வந்துடும், அவ்ளோதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஊர் கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க. 1991ல தமிழ்நாட்டுல ஆறு வயசுக்குள்ள ஆயிரம் பையனுக்கு 948 பொண்ணு, 2001ல 942, 2011ல 943. கேக்க பரவாயில்லையேன்னு தோணும், ஏன்னா அதே 2011ல இந்தியா மொத்தத்துக்கும் 918தான். ஆனா மாவட்டம் மாவட்டமா பிரிச்சுப் பாத்தாதான் வயிறு கலங்கும். 2001ல சேலம் 851, இப்ப இருக்கிற தர்மபுரி மாவட்ட எல்லையை வச்சுப் பாத்தா 826. பத்து வருஷத்துல தர்மபுரி 913க்கு ஏறிடுச்சு, சந்தோஷம், ஆனா அதே நேரத்துல கடலூர் 896, அரியலூர் 897ன்னு, நாம நெனச்சே பாக்காத டெல்டா ஓரத்து மாவட்டமெல்லாம் கீழ இறங்கியிருந்துச்சு. உசிலம்பட்டியில பிறந்த பெண் குழந்தையைக் கொல்றாங்கன்னு 1986ல பத்திரிகையில வந்ததுலேர்ந்து எல்லாருக்கும் இது உசிலம்பட்டி விஷயம், சேலம் விஷயம், படிக்காதவங்க விஷயம்னே மனசுல பதிஞ்சு போச்சு. அப்படி இல்ல. 2019 - 21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல பிறந்த குழந்தைங்க கணக்கு ஆயிரத்துக்கு 878னு வந்துச்சு, அதுக்கு முந்தின சர்வேல 954 இருந்தது. சாம்பிள் சர்வே, ஏறி இறங்கும்தான், அதுக்காக இதைக் கண்டும் காணாம விட முடியுமா.

இன்னொண்ணு, மேடையில ஏறி "ஆயிரத்துக்கு ஆயிரம் இருக்கணும்"னு பேசாதீங்க. இயற்கையாவே ஆண் குழந்தை கொஞ்சம் அதிகமாத்தான் பிறக்கும், நூறு பொண்ணுக்கு ஏறக்குறைய 105 பையன், அதாவது ஆயிரத்துக்கு 950 பக்கம் இருந்தா அது இயற்கைக் கணக்கு. இது தெரியாமப் பேசினா கூட்டத்துல ஒரு டாக்டரோ சயின்ஸ் வாத்தியாரோ எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டா அதோட உங்க பேச்சு முடிஞ்சுது. அதே மாதிரி ஒரே ஒரு கிராமத்துல ஒரு வருஷத்துல 12 பையன் 7 பொண்ணு பிறந்துச்சுன்னா உடனே இங்க கலைக்கிறாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க, சின்ன எண்ணிக்கையில அப்படித்தான் ஆடும். அஞ்சு வருஷக் கணக்கு வாங்குங்க, கிராம சுகாதார செவிலியர் அக்காகிட்ட மரியாதையா கேட்டா மொத்த எண்ணிக்கையை மட்டும் சொல்லுவாங்க, பேர் விவரம் கேக்கவே கேக்காதீங்க. அதுலயும் குறிப்பா ரெண்டாவது மூணாவது பிரசவத்தைத் தனியாப் பாருங்க. தலைச்சன் குழந்தை எதுவா இருந்தாலும் ஏத்துக்கிறாங்க, மூத்தது பொண்ணா இருக்கிற வீட்டுல அடுத்தது என்ன பிறக்குதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

இப்ப வார்த்தை. இதுல நான் ரொம்ப கறாரா இருப்பேன், எங்க குழுவுல புதுசா வர்ற பிள்ளைங்களோட இதுக்காகச் சண்டையே போட்டிருக்கேன். பிறந்த குழந்தையைக் கொல்றது சிசுக்கொலை, அது கொலைதான், சந்தேகமே இல்ல. ஆனா வயித்துல இருக்கிறதைக் கலைக்கிறதை எல்லாம் "கருக்கொலை"ன்னு போஸ்டர் அடிச்சா என்ன ஆகுதுன்னா, வேற காரணத்துக்காக சட்டப்படி கருக்கலைப்பு பண்ணிக்க வேண்டிய பொண்ணு கூட பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம, வீட்டு ரூம்ல வச்சுக் கலைக்கிற போலி ஆளுகிட்டப் போய் உசிரைக் குடுக்கிறா. கருக்கலைப்பு நம்ம நாட்டுல 1971லேர்ந்து சட்டப்படி இருக்கிற விஷயம், 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டரோட கருத்து போதும், குறிப்பிட்ட சில நிலைமையில இருக்கிறவங்களுக்கு 24 வாரம் வரைக்கும்னு 2021ல திருத்தினாங்க, 18 வயசு ஆன பொண்ணுன்னா அவ கையெழுத்து மட்டும் போதும், புருஷன் கையெழுத்து சட்டத்துல கேக்கவே இல்ல. நாம எதிர்க்கிறது கருக்கலைப்பை இல்ல, பொண்ணுங்கிற ஒரே காரணத்துக்காக அதைப் பண்ண வைக்கிறதை. "பாலினத் தேர்வு"ன்னு சொல்லிப் பழகுங்க, இல்ல ஊர்ப் பேச்சுல "பொண்ணா பையனான்னு பாத்துக் கலைக்கிறது"ன்னு நேராச் சொல்லுங்க, கொஞ்சம் நீளம்தான், பரவாயில்ல.

சரி, திண்ணைக்கு வருவோம். மாமியார்கிட்ட பேசுறது எப்படி. மொத நாள் போய் இதைப் பத்திப் பேசவே பேசாதீங்க. அவங்க கதையைக் கேளுங்க. எத்தனை பிரசவம், எத்தனை தங்குச்சு, பொண்ணு பிறந்தப்ப உங்க மாமியார் என்ன சொன்னாங்கன்னு கேட்டுப் பாருங்க, நீங்க பேசவே வேண்டாம், அவங்களே கொட்டுவாங்க. ஒரு ஆயா, எழுபது வயசு இருக்கும், வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "மூணாவதும் பொட்டையாப் பொறந்தப்ப எனக்குப் பத்தியக் கஞ்சி வைக்கக்கூட அடுப்புல ஆளில்ல கண்ணு, நானே எந்திரிச்சு வச்சுக் குடிச்சேன்"ன்னு. சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசல. அவங்க மருமக அப்ப ஆறு மாசம், உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. நான் அன்னிக்கு வேற எதுவும் பேசல, எந்திரிச்சு வந்துட்டேன். மாமியாரை வில்லி ஆக்கிப் போஸ்டர் போட்டா அவங்க கதவைச் சாத்திடுவாங்க, அவங்களும் இதே அடியை வாங்கி வந்தவங்கதான்.

ஆம்பளைங்கள விட்டுடாதீங்க. எங்க மீட்டிங் எல்லாம் ரொம்ப நாளா பொம்பளைங்க மட்டும் கூடிப் பேசுற மாதிரியே இருந்துச்சு, இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு லேட்டாத்தான் புரிஞ்சுது. டீக்கடை, சலூன், கபடி டீம், பால் சொசைட்டி, இங்கெல்லாம் பேச ஆம்பளையே போகணும், நம்ம குழுவுல ரெண்டு தம்பிங்களாவது இருக்கணும். "பொட்டப் புள்ளையாப் பெத்துப் போடறா"ன்னு பொண்டாட்டியத் திட்டுறவன்கிட்ட பத்தாம் வகுப்புப் பாடத்தைச் சொல்லலாம், அம்மாகிட்ட எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான், எக்ஸா ஒய்யாங்கிறது அப்பாகிட்டேர்ந்துதான் வருதுன்னு. ஆனா இதைச் சொல்லும்போது "அப்ப தப்பு உன் மேலதான்"ங்கிற மாதிரி முடிச்சிடாதீங்க, பொண்ணு பிறக்கிறதை அப்பவும் ஒரு தப்பாத்தானே வச்சுப் பேசுறோம். யார் கையிலயும் இல்லாத விஷயம், இதுக்கு யாரையும் திட்ட வேண்டியதில்லன்னு முடிங்க.

நாடகம் போடலாமான்னு கேக்கிறீங்க, கண்டிப்பாப் போடுங்க, எங்க பக்கம் தெருக்கூத்துன்னா விடிய விடிய உக்காருவாங்க, 1990கள் கடைசியில தர்மபுரி மாவட்டத்துல கலைப்பயணம்னு ஊர் ஊராப் போய் நாடகம் போட்டுத்தான் சிசுக்கொலையை வெளிப்படையாப் பேச வச்சாங்க. ஆனா ஒரு விஷயம். எங்க நாடகத்துல கள்ளிப்பால் ஊத்துற காட்சி இருந்துச்சு, சங்குல ஊத்துற மாதிரி, பின்னாடி குழந்தை அழற சத்தம். ஒரு ஊர்ல மாரியம்மன் கோயில் முன்னாடி போடும்போது நடுவுல ஒரு பாட்டி முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுக் கோயிலுக்குப் பின்னாடி போயிட்டாங்க, நாடகம் முடிஞ்சு செட்டைப் பிரிக்கிற வரைக்கும் வரல. அந்த ஊர்லயே அந்தக் காட்சியைத் தூக்கிட்டோம். கூட்டத்துல உக்காந்திருக்கிறவங்கள்ல யாரு எதைச் சுமந்துட்டு இருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. இப்ப எங்க நாடகம் சீர்த்தட்டு எண்ணுற காட்சியிலதான் ஆரம்பிக்குது, அதுக்கு ஜனங்க சிரிக்கிறாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா அமைதியாவுறாங்க. முடிஞ்ச உடனே மைக்கை ஆஃப் பண்ணிட்டு டீ குடுங்க, அந்த அரை மணி நேரப் பேச்சுக்குத்தான் நாடகமே.

சீர்னு சொன்னேன்ல, அதுதான் அடி வேர். "அஞ்சு பொண்ணு பெத்தா அரசனும் ஆண்டி"ன்னு நம்ம பழமொழியே கணக்குப் போட்டுத்தானே வச்சிருக்கு. கல்யாணத்துக்குப் பவுன் மட்டும் இல்ல, காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, பிரசவம், பேரப் புள்ளைக்கு மொட்டை, ஆடி, தீபாவளி, பொங்கல்னு பொண்ணு பிறந்த வீட்டுலேர்ந்து சாகுற வரைக்கும் போயிட்டே இருக்கு. சுய உதவிக் குழு மீட்டிங்ல ஒரு நாள் நோட்டைத் திறந்து வச்சு, ஒரு பொண்ணுக்குப் பிறந்ததுலேர்ந்து இது வரைக்கும் பிறந்த வீடு என்னென்ன செஞ்சுதுன்னு வரிசையா எழுதச் சொல்லுங்க, பக்கத்துலயே அதே வீட்டுப் பையனுக்குப் படிப்பு, பைக், கடை வைக்க குடுத்தது, நிலம் எல்லாம் எழுதச் சொல்லுங்க. பையனுக்குப் பண்ணதை யாருமே செலவுன்னு சொல்லியிருக்க மாட்டாங்க, எழுதும்போதுதான் அவங்களுக்கே உறைக்கும். எங்க குழுவுல இதைப் பண்ணிட்டு முப்பது பேர் சேந்து, சடங்குக்கு மைக் செட்டும் சீர் ஊர்வலமும் கிடையாதுன்னு முடிவு எடுத்தாங்க, ரெண்டு வருஷம் தாக்குப் பிடிச்சுது, மூணாவது வருஷம் ஒரு பெரிய வீட்டுல மீறிட்டாங்க, திரும்ப ஆரம்பிச்சிருக்கோம்.

சொத்து விஷயத்தைத் தொடாம இந்த வேலையைச் செய்ய முடியாதுன்னு நான் நம்புறேன். கூட்டுக் குடும்பச் சொத்துல பொண்ணுக்குப் பங்கு உண்டுன்னு தமிழ்நாடு 1989லயே சட்டம் போட்டுச்சு, அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும் கிடையாதுன்னு வச்சாங்க. 2005ல மத்திய சட்டம் அந்த வேலியையும் எடுத்துடுச்சு, அந்த 2005 செப்டம்பர் 9ந்தேதி அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு கூட அவசியமில்லன்னு 2020 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா ஊர்ல நடக்கிறது என்ன, அப்பா செத்த வருஷமே அண்ணன் வந்து ஒரு பட்டுப் புடவையும் கையில இருபதாயிரமும் குடுத்து, "ஒரு கையெழுத்துதான் தாயி"ன்னு பதிவு ஆபீஸ் கூட்டிட்டுப் போய் எனக்குப் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கிற விடுதலைப் பத்திரம் வாங்கிக்கிறார், கையெழுத்து போடலன்னா தாய் வீட்டு வாசல் மிதிக்க முடியாது. அந்தப் பத்திரத்துல பொண்ணுங்க கையெழுத்து போட்டுட்டே இருக்கிற வரைக்கும் "பொண்ணு அடுத்த வீட்டுக்குப் போறவ"ங்கிறது உண்மையாவே இருக்கும். தென் கொரியாவுல 1990 வாக்குல நூறு பெண் குழந்தைக்கு 116 ஆண் குழந்தை பிறந்துட்டு இருந்துச்சு, நம்மள விட மோசம், அங்கயும் ஸ்கேன்தான். ஸ்கேனுக்குத் தடை மட்டும் போட்டு நிக்கல, பொண்ணுங்க படிச்சாங்க, வேலைக்குப் போனாங்க, ஆம்பளைதான் குடும்பத் தலைவன்னு இருந்த குடும்பப் பதிவு முறையையே 2005ல ஒழிச்சாங்க, அந்தக் காலகட்டத்துக்குள்ள பிறப்புக் கணக்கு இயற்கை அளவுக்கே திரும்பிடுச்சு.

"வயசான காலத்துல யாரு கஞ்சி ஊத்துவா"ன்னு கேப்பாங்க. 2007ல வந்த மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல பிள்ளைன்னா பையன் பொண்ணு ரெண்டும்தான், பெத்தவங்க ரெண்டு பேர்கிட்டயும் கேக்கலாம். "கொள்ளி வைக்க யாரு"ன்னு கேப்பாங்க, அதுக்கு வாதம் பண்ணாதீங்க, பக்கத்து ஊர்ல எந்தப் பொண்ணு தன் அப்பாவுக்குக் கொள்ளிச் சட்டி தூக்குனாளோ அவள அழைச்சுட்டு வந்து உக்கார வைங்க, அது போதும்.

அடுத்து ஸ்கேன் சென்டர். இதுல உணர்ச்சிவசப்பட்டு நேராப் போய்ச் சண்டை போடறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, சட்டத்தைக் கையில வச்சுக்கிட்டுப் பேசணும். வயித்துல இருக்கிறது பொண்ணா பையனான்னு பாத்துச் சொல்றதைத் தடுக்கிற பிசிபிஎன்டிடி சட்டம் 1994ல வந்துச்சு, 1996 ஜனவரி 1லேர்ந்து அமல், 2003ல கருத்தரிக்கிறதுக்கு முன்னாடியே பாலினம் தேர்வு பண்றதையும் சேத்துத் திருத்தினாங்க. குழந்தை பொண்ணா பையனான்னு வாயாலயோ சைகையாலயோ வேற எந்த வகையிலயோ சொல்லக்கூடாது. "திங்கக்கிழமை வாங்க"ன்னா பையன், "வெள்ளிக்கிழமை வாங்க"ன்னா பொண்ணு, லட்டு குடுக்கிறது, பேனா கலரை மாத்துறதுன்னு பல ஊர்ல சங்கேதம் வச்சிருந்தாங்க, அது எல்லாமே குற்றம். மொத தடவை மாட்டுனா டாக்டருக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் வரைக்கும் அபராதம். பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டு வர்ற குடும்பத்துக்கும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஐம்பதாயிரம் வரைக்கும் அபராதம், நிறைய புருஷன்மாருக்கு இது தெரியவே தெரியாது, டீக்கடைப் பேச்சுல இதை எடுத்து விடுங்க. கர்ப்பிணி மேல பழி வராது, வேற விதமா நிரூபணம் ஆகாத வரைக்கும் புருஷனும் உறவுக்காரங்களும்தான் அவளக் கட்டாயப்படுத்தியிருக்காங்கன்னு கோர்ட் எடுத்துக்கணும்னு சட்டத்துலயே இருக்கு.

சென்டருக்குப் போறப்ப நாலு விஷயம் கண்ணால பாருங்க: பதிவுச் சான்றிதழ் வெளியில தெரியற மாதிரி மாட்டியிருக்கா, பாலினம் சொல்றது சட்டப்படி குற்றம்னு தமிழ்லயும் போர்டு இருக்கா, சட்டப் புத்தகம் கேட்டா எடுத்துக் காட்டுறாங்களா, கர்ப்பிணிக்கு ஸ்கேன் பண்றப்ப ஃபார்ம் எஃப் எழுதிக் கையெழுத்து வாங்குறாங்களா. அந்த ஃபார்ம் எஃப்தான் முக்கியமான ஆதாரம், எதுக்காக ஸ்கேன், எத்தனை குழந்தை இருக்கு, அதுல பொண்ணு எத்தனைங்கிறது வரைக்கும் அதுல எழுதணும், ரெண்டு வருஷம் பத்திரமா வச்சிருக்கணும். அதை எழுதாம ஸ்கேன் நடக்குதுன்னா அதுவே புகார் குடுக்கப் போதுமான விஷயம்.

புகார் யார்கிட்ட? நம்ம மாநிலத்துல மாவட்டத்துக்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்தான் அதுக்கான அதிகாரி. எழுத்துல குடுங்க, தேதி, நேரம், இடம், யார் அழைச்சுட்டுப் போனது, எவ்வளவு பணம், வண்டி நம்பர், தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க, கேள்விப்பட்டதை "கேள்விப்பட்டேன்"னே எழுதுங்க. கர்ப்பிணியோட பேரை எழுதவே வேண்டாம். கண்டிப்பா ஒப்புகை வாங்குங்க, தபால்ல அனுப்பினா ஒப்புகை அட்டையோட அனுப்புங்க, ஏன்னா 15 நாள் நோட்டீஸ் குடுத்தும் நடவடிக்கை இல்லன்னா நீங்களே மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல புகார் தாக்கல் பண்ணலாம்னு சட்டத்துல வழி இருக்கு, அந்த ஒப்புகைதான் அப்ப கை குடுக்கும். நான் மொதல்ல குடுத்த புகாருக்கு ஒப்புகை வாங்காம வந்துட்டேன், ஆறு மாசம் கழிச்சுப் போய்க் கேட்டா அப்படி ஒரு மனுவே வரலன்னுட்டாங்க.

இப்ப எங்க பக்கம் நடக்கிறது பெரும்பாலும் போர்டு போட்ட சென்டர்ல இல்லங்க. கையில தூக்கிட்டுப் போற சின்ன மெஷினை கார்ல எடுத்துட்டு வந்து ஏதோ ஒரு தோட்டத்து வீட்டுல பத்துப் பதினஞ்சு பேரை வரவழைச்சு, செல்போனை எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு, பாக்கிறவன் டாக்டர் கூட இல்ல. ஒரு ஏஜென்ட் இருப்பார், அவரு ஊருக்குள்ள நல்ல மனுஷன்னு பேரெடுத்தவராக்கூட இருப்பார். இதைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்களே போலியா ஒரு கர்ப்பிணியை அனுப்பிப் பிடிக்கலாம்னு கிளம்பிடாதீங்க, யூடியூப் பாத்துட்டு அப்படிக் கிளம்புற தம்பிங்க இருக்காங்க. அது அந்தப் பொண்ணுக்கும் ஆபத்து, கேஸும் நிக்காது. அதிகாரிக்குத் தகவல் குடுங்க, மாவட்டம் விட்டு மாவட்டம் நடக்குதுன்னா ரெண்டு மாவட்டத்துக்கும் குடுங்க, மத்ததை அவங்க பாத்துக்கட்டும்.

ஆன்லைன்லயும் வேலை இருக்கு. "வயிறு இப்படி இருந்தா ஆண் குழந்தை", "சைனீஸ் காலண்டர்", "பையன் பிறக்க இதைச் சாப்பிடுங்க"ன்னு தமிழ்லயே லட்சக்கணக்குல வியூஸ் ஓடுது. அறிவியல் வழியோ வேற வழியோ, எந்த வகையில பாலினம் சொல்றதா விளம்பரம் பண்ணாலும் குற்றம்னு சட்டத்தோட 22வது பிரிவு சொல்லுது. 2024 மே மாசம் ஒரு பிரபல தமிழ் யூடியூபர் துபாய்ல பாலினம் தெரிஞ்சுக்கிட்டு அதை விழாவாக் கொண்டாடி வீடியோ போட்டார், சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பிச்சுது, வீடியோவை எடுத்துட்டு மன்னிப்புக் கேட்டார். அவருக்குப் பிறக்கப் போறது பொண்ணுன்னு சந்தோஷமாத்தானே சொன்னார்னு கேட்டவங்க நிறைய. அவரு சந்தோஷப்பட்டார், சரி, ஆனா அதைப் பாத்துட்டு "நாமளும் ஒரு தடவை பாத்துட்டா என்ன"ன்னு நினைக்கிற எல்லா வீட்டுலயும் அதே சந்தோஷம் இருக்குமா. அந்த மாதிரி வீடியோவைத் திட்டி ஷேர் பண்ணாதீங்க, அது இன்னும் பரவும். ரிப்போர்ட் அடிங்க, லிங்கோட அதிகாரிக்கு மெயில் அனுப்புங்க.

ஏதாவது ஒரு வீட்டுல குழந்தை பிறந்துடுச்சு, பொண்ணு, அதுக்கு ஆபத்துன்னு உங்களுக்கு மனசுல பட்டா யோசிக்காதீங்க, குழந்தைங்க உதவி எண் 1098க்குப் போன் பண்ணுங்க, தாய்க்கு வீட்டுல அடி உதைன்னா பெண்கள் உதவி எண் 181. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல சேலத்துலதான் ஆரம்பிச்சுது, குழந்தையை வளக்க முடியாதுங்கிறவங்க அங்க ஒப்படைக்கலாம், முறைப்படி குழந்தைகள் நலக் குழு முன்னாடி ஒப்படைச்சா மனசு மாறித் திரும்ப வாங்கிக்க ரெண்டு மாசம் டைம் இருக்கு, இதைத் தாய்கிட்ட தெளிவாச் சொல்லணும், நிறைய பேருக்கு இது சொல்லப்படுறதே இல்ல. பொண்ணுன்னா வேண்டாம்னா அரசாங்கத்துகிட்ட விட்டுடுன்னு சொல்ற மாதிரி ஆகுதேன்னு அந்தத் திட்டத்து மேல எனக்கு மனத்தாங்கல் உண்டு, ஆனாலும் கடைசிக் கதவு ஒண்ணு திறந்து இருக்கிறது நல்லதுதான். ஒரே பொண்ணோட நிறுத்திக்கிட்டா அந்தக் குழந்தை பேர்ல ஐம்பதாயிரம், ரெண்டு பொண்ணுன்னா ஆளுக்கு இருபத்தஞ்சாயிரம்னு முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துல வைப்பு வைக்கிறாங்க, வருமான வரம்பு, குடும்பக் கட்டுப்பாடு, ஆண் வாரிசு இல்லங்கிற கண்டிஷனெல்லாம் இருக்கு, பிளாக் ஆபீஸ்ல போய் இப்ப என்ன விதின்னு கேட்டு ஃபார்ம் நிரப்பிக் குடுங்க. பத்து ரேலியை விட ஒரு வீட்டுக்கு இந்த ஃபார்மை நிரப்பிக் குடுத்தா உங்களுக்கு அந்தத் தெருவே திறக்கும்.

அந்த ரோஸ் நோட்டீஸை மடிச்சு சொருகிக்கிட்ட பொண்ணுக்கு மூணாவதும் பொண்ணுதான் பிறந்துச்சு. மாமியார் மூணு மாசம் பாக்கவே வரல, அப்புறம் ஒரு நாள் கருப்பட்டியும் வசம்பும் எடுத்துக்கிட்டு வந்தாங்களாம். குழந்தைக்குப் போதும்பொண்ணுன்னு பேர் வைக்கச் சொன்னாங்களாம், எங்க பக்கத்துலயும் மதுரைப் பக்கத்துலயும் அப்படி வைக்கிறது வழக்கம், திருத்தணி பக்கம் வேண்டாம்னே பேர் வச்ச பொண்ணுங்க இருக்காங்க, மகாராஷ்டிராவுல சத்தாரா மாவட்டத்துல 2011ல "நகுசா"ன்னு, அதாவது வேண்டாதவன்னு, பேர் வச்சிருந்த 285 பொண்ணுங்களுக்கு ஒரே நாள்ல புதுப் பேர் வச்சாங்க. ஆனா நம்ம நோட்டீஸ் பொண்ணு மாமியார் சொன்ன பேருக்கு ஒத்துக்கல. தமிழரசின்னு வச்சிருக்கா.

கடைசியா ஒரு வேலை சொல்றேன், இதுக்கு ஒரு ரூபா செலவு கிடையாது. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து எது வருதோ அதுக்குப் பத்துப் பேரா போங்க, அஞ்சு பேராவது ஆம்பளைங்களா இருக்கட்டும். போன வருஷம் நம்ம ஊராட்சியில எத்தனை குழந்தை பிறந்துச்சு, பையன் எத்தனை, பொண்ணு எத்தனை, இதை ஒவ்வொரு வருஷமும் ஊராட்சி ஆபீஸ் சுவத்துல எழுதணும்னு தீர்மானம் கேளுங்க. சிரிப்பாங்க, சில பேர் இதெல்லாம் பொம்பளைங்க விஷயம்பாங்க, நீங்க உக்காந்தே இருங்க. தீர்மானப் புத்தகத்துல கையெழுத்து வாங்க வர்றப்ப அந்த நம்பரை எழுதியிருக்காங்களான்னு பாத்துட்டு அப்புறம் போடுங்க.